மாணவருடைய தாளும் எழுத்தாளருடைய பேனாவும்

இங்கிலாந்தில் 1790-ஆம் ஆண்டில், டேவிட் வில்லியம்ஸ் என்னும் சமயப் போதகரின் முயற்சியால், வறுமையிலும் கடனிலும் அகப்பட்டுத் தவித்த எழுத்தாளர்களுக்குப் பொருளுதவி செய்யும் நிமித்தம் தோன்றிய ராயல் லிட்டரரி ஃபண்ட் என்னும் நிதியம், இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அத் தருமத்தை ஆரவாரமின்றி நடத்தி வந்தபின், 1999-ஆம் ஆண்டில் புதியதொரு காரியத்தையும் கைக்கொண்டது. நாவலாசிரியர், நாடகாசிரியர், கவிஞர், ஜீவிய சரித்திரம் எழுதுவோர் என எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களைப் பல்கலைக்கழகங்களில் அமர்த்தி, எந்தத் துறையைச் சேர்ந்த மாணவரும் தாம் எழுதிய கட்டுரையுடன் வந்து அவர்களோடு தனித்திருந்து பேசிப் போகலாம் என்று ஏற்பாடு செய்ததே அக்காரியம். கரடிப் பொம்மை ஒன்றைக் கதாநாயகனாக்கிக் குழந்தைகளைக் களிப்பித்த ஏ. ஏ. மில்ன் தமது நூல்களின் வருவாயில் ஒரு பங்கை இந்நிதியத்துக்கு விட்டுச் சென்றார். அந்தப் பணம் இன்று ரசாயன சாஸ்திரம் படிக்கும் ஒரு பெண்ணின் ஆய்வறிக்கையைச் சீர்செய்யத் துணை நிற்கிறது என்பது எண்ணி மகிழத்தக்க விநோதம்.

இவ்வேற்பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்குமிடத்து, அமர்த்தப்பட்ட எழுத்தாளரின் புகழிலோ அவர் எழுதிய நூல்களின் தொகையிலோ அது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் மாணவனுக்கு மதிப்பெண் இடுவதில்லை, பாடம் நடத்துவதில்லை, வந்தவன் யார், என்ன கொண்டுவந்தான் என்பதை அவனுடைய பேராசிரியருக்குச் சொல்வதுமில்லை. பரீக்ஷகரல்லாத ஒருவர், தம் வாழ்நாளில் எத்தனையோ தாள்களைக் கிழித்தெறிந்த ஒருவர், தன் தாளை ஒரு வாசகராக மட்டும் இருந்து வாசிக்கிறார் என்னும் நம்பிக்கை மாணவனுக்கு உண்டாகும்போது, அதுவரை எவரிடமும் சொல்லாத தன் சந்தேகங்களை அவன் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குகிறான். இந்த அத்தியாயத்தில் யான் கூறப்போகும் யோசனைகள் அனைத்தும் அந்த ஒரு நிலைமையைக் காப்பாற்றுவதற்காகவே கூறப்படுகின்றன. திருவனந்தபுரத்தில் இப்பணியை மேற்கொள்ள விரும்பும் எழுத்தாளரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இந்நகரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எழுத்தாளரும் கல்லூரியும் ஒன்றையொன்று அறியாமல் வாழும் ஊர்கள் பல. திருவனந்தபுரம் அவற்றுள் சேர்ந்ததன்று. இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்த சுந்தரம் பிள்ளை 1891-இல் 'மனோன்மணீய'த்தை வெளியிட்டபோது, தமக்கு ஆசிரியராயிருந்த ஹார்விக்கே அதனைச் சமர்ப்பித்தார். பேரூர்க்கடையில் தமக்கிருந்த நிலத்துக்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டு வாழ்ந்தார். வழக்கறிஞராக இவ்வூரிலே தொழில் தொடங்கிய வையாபுரிப் பிள்ளை, சென்னையில் தமிழ் லெக்ஸிகன் என்னும் மகா காரியத்தைப் பதிப்பாசிரியராயிருந்து முடித்த பிறகு, 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இங்கே மீண்டும் வந்தமர்ந்தார். யூனிவர்சிட்டி கல்லூரியில் யேசுதாசன் தமிழையும் அவருடைய மனைவியார் ஹெப்சிபா ஆங்கிலத்தையும் கற்பித்தனர். ஆங்கிலம் கற்பித்த அம்மையாரே 1964-இல் 'புத்தம் வீடு' என்னும் நாவலைத் தமிழுக்குத் தந்தார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த துரைசாமி, வகுப்பை விட்டு வெளியே வந்ததும் நகுலன் ஆனார். மின்வாரியத்தில் பொறியாளராயிருந்த நீல பத்மநாபனும், சாலைக் கடைவீதியில் வியாபாரம் செய்துகொண்டே அவ்வீதியின் மனிதர்களை எழுதிய ஆ. மாதவனும் இதே நகரத்தார்.

இப்பெயர் வரிசையில் கல்லூரி ஆசிரியர்களே மிகுந்திருக்கக் காண்கிறோம். ஆயினும், இப்பணிக்கு ஒருவரை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பேராசிரியர் ஒருவரைக் காட்டிலும் மாதவனைப் போன்ற ஒரு கடைக்காரரையே யான் தேர்ந்தெடுப்பேன். பேராசிரியர் எவ்வளவு அன்புடையவராயினும் அவர் கையில் மதிப்பெண் இருக்கிறது, அல்லது இருந்தது. மாணவனின் கண் அந்தக் கையையே நோக்கிக்கொண்டிருக்கும். நாளெல்லாம் கல்லாப்பெட்டியின் அருகே அமர்ந்து, வாங்க வருபவர் விற்பவர் சுமப்பவர் எல்லாருடைய பேச்சையும் கேட்டுப் பழகிய செவி, ஒரு வாக்கியம் எங்கே பொய் பேசத் தொடங்குகிறது என்பதை எளிதில் கண்டுகொள்ளும். கல்லூரியில் ஆசிரியராயிருந்துகொண்டே இப்பணியை ஏற்பவர்கள், தம் வகுப்பு மாணவரை இதில் சேர்த்துக்கொள்ளாமல் பிறர் வகுப்பு மாணவரையே பார்ப்பது நலம்.

இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். யூனிவர்சிட்டி கல்லூரி, பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், 1829-இல் தோன்றிய பொது நூலகம் ஆகிய மூன்றும் பாளையத்துப் பக்கத்திலேயே நடந்து செல்லும் தூரத்தில் அமைந்திருப்பது நமக்கு அனுகூலம். தமிழ்த் துறையோ ஸ்ரீகாரியத்துக்கு அப்பால் காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. ஆதலால் மாணவரை நகரத்துக்கு வரவழைப்பதைவிட எழுத்தாளரே வாரத்தில் ஒரு நாள் காரியவட்டத்துக்குப் போவது நியாயம். நூலகத்தின் வாசிப்பறையில் பேசலாகாது. நம் காரியமோ பேசினாலன்றி நடவாது. எழுத்தாளர் கூட்டத்துக்குக் காப்பிக் கடையின் மீது இயல்பாகவே ஒரு மோகம் உண்டாகையால், தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காப்பி ஹவுஸை நாடும் எண்ணம் பலருக்குத் தோன்றக்கூடும். செங்கல்லால் கோபுரம்போல் சுழன்று ஏறும் அந்தக் கட்டடம் காண்பதற்கு இனியதே. ஆனால் சாய்ந்து ஏறும் பாதையின் ஓரத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய குறுகிய மேஜையில் எண்பது பக்க அத்தியாயத்தை விரித்து வைக்க இடமில்லை, தலைப்பாகை அணிந்த பரிசாரகர் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க, இடம் கிடைக்காதோர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பர். பிற்பகலில் காலியாகும் வகுப்பறை ஒன்றைக் கேட்டுப் பெற்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாணவருக்கு எதிரில் அமராமல் மேஜையின் பக்கவாட்டில் அமர்ந்துகொள்வதே உத்தமம். ஒருவருக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் இருவருமே களைத்துப்போவர்.

இனி முதற் சந்திப்பு. மாணவர் வந்தவுடன் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டுவார். அதை வாங்கிக்கொள்ளாதிருப்பதே எழுத்தாளர் செய்யவேண்டிய முதற் காரியம். வாங்கிவிட்டால், பல்லாண்டுப் பழக்கத்தினால் கை தானாகவே பேனாவைத் தேடும். முதல் வரியிலேயே ஒரு சொல்லை அடிக்கும். அடித்த சொல்லுக்கு மேலே தமக்குப் பிரியமான வேறொரு சொல்லை எழுதும். அந்தக் கணத்திலேயே பரீக்ஷகர் ஒருவர் நாற்காலியில் வந்து அமர்ந்துவிடுவார், தாளுக்குரியவன் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுவான். தாள் மாணவன் கையிலேயே இருக்கட்டும். பேனாவும் அவனிடமே இருக்கட்டும். எழுதியதை மறந்துவிட்டு, எழுத நினைத்தது என்ன என்று சொல்லும்படி கேளுங்கள்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்ப்போம். 1970-இல் வெளிவந்த நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' இந்நகரத்தையே களமாகக் கொண்ட நாவலாகையால், இங்குள்ள மாணவர் அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது சகஜம். அவ்வாறு எடுத்துக்கொண்ட ஒரு மாணவி பின்வரும் வாக்கியத்தை எழுதிக்கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம்: 'பள்ளிகொண்டபுரம் நாவலில் நகரம் என்பது ஒரு முக்கியமான இடத்தைப் பெற்றுத் திகழ்கின்றது என்பதனை நம்மால் காண முடிகின்றது.' இலக்கணப் பிழை ஒன்றும் இதில் இல்லை. ஆயிரம் ஆய்வேடுகளில் இதனுடைய சகோதர வாக்கியங்களைக் காணலாம் என்பதும், நாவலின் பெயரை மாற்றிவிட்டால் வேறெந்த நாவலுக்கும் இது பொருந்திவிடும் என்பதுமே இதன் குறை. எழுத்தாளர் இதைத் திருத்த முற்படாமல், பேச்சைத் தொடங்குகிறார்.

"அது கெடக்கட்டும்மா. நாவல்ல அந்த ஊரு என்ன செய்யுது? எனக்குச் சொல்லு பார்ப்போம்."

"அனந்தன் நாயர் ஊரைச் சுத்திக்கிட்டே இருக்காரு சார். எந்தத் தெருவுக்குப் போனாலும் பழசு ஏதாவது ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துருது. கார்த்தியாயினி விட்டுட்டுப் போனதெல்லாம் அப்படித்தான் நமக்குத் தெரியவருது."

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக்கோ."

மாணவி எழுதிக்கொள்கிறாள், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்குகிறாள்: 'அனந்தன் நாயரின் கடந்த காலத்தை நாவலாசிரியர் வரிசையாகச் சொல்வதில்லை, அவர் நடந்து செல்லும் தெருக்களே ஒவ்வொன்றாக அதனை நினைவூட்டுகின்றன.' இந்த வாக்கியத்தில் எழுத்தாளருடைய சொல் ஒன்றுகூட இல்லை. முந்தைய வாக்கியம் எதையும் வாதிக்கவில்லை. இது ஒரு கட்சியை எடுத்துரைக்கிறது, அதற்குச் சான்று காட்டவேண்டிய கடமையையும் அவள் தலையில் வைக்கிறது. எந்தெந்தத் தெரு, எந்தெந்த நினைவு என்று அவள் தேடத் தொடங்கினால் அடுத்த பத்துப் பக்கங்கள் தாமே உண்டாகும். நல்ல எழுத்து என்பது நல்ல சொல்லைத் தேடுவதில் பிறக்கிறதென்று நம்பும் மாணவருக்கு, தாம் என்ன கருதுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டால் சொல் பெரும்பாலும் பின்தொடர்ந்து வந்துவிடும் என்பதை இவ்வாறு கண்முன்னே காட்டுவது, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வதைவிடப் பயன் தரும்.

இதன்பின் தாளை உரக்க வாசிக்கச் சொல்லலாம். கண் மன்னித்துவிடும் குற்றங்களைச் செவி மன்னிப்பதில்லை. மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியம் அளவு மீறியிருக்கும். குரல் தாழ்ந்து விரைந்தோடுமிடத்தில் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லாத கருத்து ஒளிந்திருக்கும். அந்த இடங்களில் மாணவரே ஒரு கோடிட்டுக்கொண்டு மேலே செல்லட்டும். நீண்ட வாக்கியங்களைக் கண்டவிடத்தெல்லாம் வெட்டவேண்டும் என்று இக்காலத்து ஆசிரியர் சிலர் சொல்வதை யான் ஏற்பதில்லை. முடிவு எங்கே என்று அறிந்து தொடங்கிய வாக்கியம் எத்தனை நீளமாயினும் வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். முடிவறியாது தொடங்கியது நாலே சொற்களில் முடிந்தாலும் தவறு தவறே.

நீளத்தைப் பற்றிய இப்பேச்சு, இந்நகரத்து மாணவருக்கென்றே உரிய ஒரு சங்கடத்துக்கு நம்மைக் கொண்டுவருகிறது. தமிழ் படிக்க வருவோரில் கன்னியாகுமரி மாவட்டத்தாரும், பீருமேடு தேவிகுளம் பகுதித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தாரும், கரமனையிலும் சாலையிலும் தலைமுறைகளாக வாழும் நகரத்துத் தமிழரும் உண்டு. இவர்களிற் பலர் பள்ளியிலும் பேருந்திலும் கடையிலும் மலையாளமே பேசி வளர்ந்தவர். மலையாள வினைச்சொல்லுக்குப் பால் இடம் காட்டும் விகுதி கிடையாது. நான் வந்தாலும் அவர்கள் வந்தாலும் வினை ஒன்றே. மலையாளம் தனிமொழியாகப் பிரிந்த வரலாற்றைக் கூறும் 'கேரளபாணினீய'த்தில் ஏ. ஆர். ராஜராஜ வர்மா வகுத்த ஆறு நயங்களுள் புருஷபேத நிராசம் என்பது இந்த இழப்பையே குறிக்கிறது. அந்நூலாசிரியரும் இவ்வூர் மகாராஜா கல்லூரியில் கற்பித்தவரே. இம்மாணவர் குறுகிய வாக்கியத்தில் தவறுவதில்லை. 'இந்நாவலில் வரும் பெண்கள்' என்று தொடங்கி, நடுவில் குடும்பக் கட்டுப்பாடுகள், இடையில் நின்றுபோன படிப்பு, வீட்டுச் சுவர்களுக்குள் கழியும் பருவம் எல்லாவற்றையும் எச்சங்களால் கோத்துக்கொண்டே போய், இறுதியில் 'காலம் கழிக்கின்றது' என்று முடிப்பார்கள். இதற்கு இலக்கணப் பாடம் வேண்டுவதில்லை. ஒவ்வொரு நீண்ட வாக்கியத்திலும் எழுவாயின் கீழ் ஒரு கோடும் இறுதி வினையின் கீழ் ஒரு கோடும் இட்டு, இடையில் உள்ளதைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து வாசிக்கும்படி சொல்லுங்கள். சில வாரங்களில் விரல் தேவையற்றுப்போகும்.

ஆனால் இவர்களுடைய வாய்மொழியை இகழ்ந்துவிட வேண்டாம். இரு மொழிகளின் எல்லையில் வளர்ந்த செவிக்குத் தமிழின் நடையில் நுட்பங்கள் சில புலப்படுகின்றன. 'புத்தம் வீட்'டில் பனையேறிகளின் பேச்சை ஹெப்சிபா அம்மையார் எவ்விதக் கூச்சமுமின்றி எழுதினார். பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டோடு இருத்தப்படும் லிஸியின் துயரம் அந்த மொழியினாலேயே நம்மைத் தொடுகிறது. ஆய்வேட்டை அம்மொழியில் எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் எண்ணத்தை அம்மொழியில் எண்ணிப் பார்க்கலாம். சந்திப்பின்போது அம்மொழியில் பேசச் சொல்லவேண்டும்.

அடுத்தபடியாக மேற்கோள் என்னும் நோயைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பக்கத்தில் ஆறு அறிஞர்கள் 'என்பார்', 'கூறுவார்', 'மொழிவார்' என்று வரிசையாக நிற்க, ஆய்வாளர் அவர்களுக்குப் பின்னே எங்கோ ஒளிந்திருக்கும் ஏடுகளை நாம் கண்டிருக்கிறோம். இதனை மாணவரின் சோம்பல் என்று கருதுவோர் உண்டு. எனக்கோ அது பெரும்பாலும் அச்சமாகவே தோன்றுகிறது. வையாபுரிப் பிள்ளையின் கால ஆராய்ச்சி முடிவுகளை ஏற்காதார் அக்காலத்திலும் பலர், இக்காலத்திலும் பலர். எனினும், சுவடிகளையும் பாடபேதங்களையும் சொல்லாட்சிகளையும் தாமே ஒப்புநோக்கி, அதன்மேல் தம் முடிவைத் தம் பெயரிலேயே சொல்லும் அவருடைய துணிவு, அம்முடிவை மறுப்போரும் கற்றுக்கொள்ளத்தக்கது. காரியவட்டத்திலேயே கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. ஓலையை நேரில் ஒரு முறை பார்த்த மாணவனுக்கு, அதைப் பற்றிப் பிறர் சொன்னதை அடுக்கிவைக்கும் ஆசை தானே குறைந்துவிடும். மேற்கோள் ஒவ்வொன்றையும் நீக்கிவிட்டு அந்தப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது ஒன்றுமில்லையாயின், அது அவருடைய பத்தியன்று.

பெயர் சுட்டாமல் எடுத்துக்கொள்வதோ வேறு விஷயம். அதில் தயவுக்கு இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒத்திருக்கும் பகுதி 10 சதவீதம் வரை தண்டனைக்குரியதன்று. 10-க்கு மேல் 40 வரையாயின் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்கவேண்டும். 40-க்கு மேல் 60 வரையாயின் ஓராண்டு வரை திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்கத் தடை. 60-க்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். இந்தக் கணக்கை மாணவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது, சொன்னபின் அதைப் பற்றிப் பேசிக்கொண்டேயிராமல் விட்டுவிடுவதும் நல்லது. இக்காலத்தில் இயந்திரம் எழுதிக்கொடுத்த தாளுடன் வருவோரும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிபவராக வேண்டியதில்லை. தாளை மூடிவைத்து, சொல்லவந்ததைச் சொல் என்று கேட்டால், சொல்ல ஒன்றும் இல்லாதவர் சொல்லமாட்டார்.

எழுத்தாளருக்கு நேரக்கூடிய சோதனைகள் வேறு. நகுலனை வாசித்தவர்கள் அவருடைய நடை ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, முடியாமலே முடிவதை அறிவர். நவீனனும் சுசீலாவும் உலவும் 'நினைவுப்பாதை'யில் அது ஓர் அழகு. அந்த நடையில் மீன்வளத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதப்பட்டால் அதைப் பரீக்ஷிப்பவரின் கதியை நினைத்துப் பாருங்கள். எவருடைய நடையும் அவருக்கே உரியது. தம் சாயலை மாணவர் எழுத்தில் காணும்போது உண்டாகும் சந்தோஷத்தை எழுத்தாளர் ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும். தம் நூல்களை மாணவருக்குப் பரிசளிக்க வேண்டாம். நெறியாளரைப் பற்றி மாணவர் முறையிட்டால் கேட்டுக்கொள்ளலாம், அபிப்பிராயம் சொல்லலாகாது. மாணவரிடமிருந்து காசோ பண்டமோ எதுவும் பெறக்கூடாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதிக்கொடுக்கும் தொழில் ஒன்று நாட்டில் நடந்துகொண்டிருக்கையில், அதன் நிழல்கூட நம் மேஜையின்மீது விழலாகாது. ஊதியம் வேண்டுமாயின் பல்கலைக்கழகமோ சங்கமோ புரவலரோ தரட்டும். இங்கிலாந்தில் நிதியமே தருகிறது.

எப்போது நிறுத்துவது? ஒரு வாக்கியத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, எழுத்தாளர் வாய் திறப்பதற்கு முன், 'இது இல்லை சார், நான் சொல்ல வந்தது வேற' என்று மாணவர் தாமே நின்றுவிடுவாராயின், மேலும் சில முறை வந்தால் போதும். அவ்வாறு நிகழாதவர்களும் இருப்பர்; அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

ஏடு சமர்ப்பிக்கும் வாரத்தில் மட்டும் நடை, வாதம் ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அப்போது நெஞ்சில் கலக்கம் மிகுந்திருக்கும். எதைச் சொன்னாலும் முழு அத்தியாயத்தையும் மாற்றி எழுதத் துணிந்துவிடுவார். பெயர்கள், ஆண்டுகள், பக்க எண்கள் இவற்றை மட்டும் ஒருவர் வாசிக்க மற்றவர் மூல நூலோடு ஒப்பிடவேண்டும். திருவனந்தபுரத்து இலக்கியத்தை ஆராய்பவர் இதில் சற்றுக் கூடுதலாகவே கவனம் செலுத்தல் நலம்; நகுலன் 1968-இல் தொகுத்த தமிழ்த் தொகுப்புக்கும், அய்யப்பப் பணிக்கர் எழுதி 1960-இல் வெளிவந்த மலையாளக் கவிதைக்கும் 'குருக்ஷேத்திரம்' என்பதே பெயர், இருவரும் இதே நகரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர்கள், அடிக்குறிப்பில் ஒருவர் இருக்கவேண்டிய இடத்தில் மற்றவர் வந்து அமர்ந்துவிடுவது மிகவும் எளிது.